எந்த செக்டரைக் கேட்டாலும் செக்டர் 0 தான் வருகிறது (விர்ட்ஐஓ டிஸ்க் டிரைவர், 16 பிட் பயாஸ்)

பெருங்குடி ஆந்தை:

மூன்று ராத்திரி போய்விட்டது. அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

க்யூஇமு என்ற எமுலேட்டரில் ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்காக ஒரு சின்ன பயாஸ் (மெஷின் விழித்ததும் முதலில் ஓடும் புரோகிராம்) எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆபீஸ் வேலை இல்லை, சொந்த ஆசை. சீபயாஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் பயாஸைப் பார்த்துக் கற்றுக்கொண்டது, கோடு என்னுடையது. டிஸ்கைப் படிக்க லோடர்கள் கூப்பிடும் பயாஸ் சேவையான இன்ட் 13-க்குப் பின்னால் முன்பு பழைய ரக டிஸ்குக்கான ஐடிஇ டிரைவர் இருந்தது, ஒழுங்காக ஓடியது. இப்போது விர்ட்ஐஓ பிளாக் (விர்ச்சுவல் மெஷின்களுக்கென்றே உள்ள டிஸ்க் டிவைஸ்) டிரைவர் போட்டிருக்கிறேன். ஒரு ரிக்வெஸ்டுக்கு மூன்று டிஸ்க்ரிப்டர் (மெமரியில் எந்த இடம் என்று டிவைஸுக்குச் சொல்லும் குறிப்பு): 16 பைட் ஹெடர், டேட்டா பஃபர், கடைசியில் 1 பைட் ஸ்டேட்டஸ். ஹெடரும் ஸ்டேட்டஸும் ஃபங்ஷனுக்குள் லோக்கல் வேரியபிள்கள். ஸ்டேட்டஸில் முதலில் 255 போட்டுவைப்பேன், டிவைஸ் படித்து முடித்ததும் அங்கே 0 எழுத வேண்டும்.

க்ரப் பூட்லோடர் இருக்கும் டிஸ்க் இமேஜ் அழகாக பூட் ஆகிறது. நண்பன் கல்லூரிக் காலத்தில் எழுதிய லோடர் ஒன்று இருக்கிறது, அது மட்டும் வீம்பு பிடிக்கிறது. முதல் செக்டர் மெமரியில் 7சி00-க்கு வந்து ஓடவும் ஆரம்பிக்கிறது. அப்புறம் லோடர் செக்டர் 5 கேட்டால் செக்டர் 0 வந்து உட்கார்கிறது, கடைசி இரண்டு பைட் 55 ஏஏ சகிதமாக. 9 கேட்டாலும் அதேதான். டிவைஸ் முடித்த ரிக்வெஸ்டுகளை எண்ணும் யூஸ்ட் ரிங் எண் சரியாக ஏறுகிறது, ஆனால் ஸ்டேட்டஸ் 255-ஐ விட்டு நகரவில்லை.

மண்டை காய்வது இதில்தான்: 402 போர்ட்டில் வரும் என் டிபக் லாகில் ஹெடரின் செக்டர் எண் 5 என்று அச்சாகிறது. க்யூஇமு டிரேஸில் அதே ரிக்வெஸ்ட் செக்டர் 0. யாரை நம்புவது? கேவிஎம்மை (நிஜ சிபியுவிலேயே ஓட்டும் முறை) எடுத்துவிட்டு டிசிஜியிலும் (மென்பொருளாலேயே ஓட்டும் முறை) ஓட்டிப் பார்த்தேன், மாற்றம் இல்லை.

வேகாத வடை:

ஸ்டேட்டஸை வாலட்டைல் ஆக்கிப் பாருங்கள் ப்ரோ. கம்பைலர் பழைய மதிப்பை ரெஜிஸ்டரிலேயே வைத்துக்கொண்டிருக்கும். 1 எம்பிக்கு மேலே போக விடும் ஏ20 கதவையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பெருங்குடி ஆந்தை:

வாலட்டைல் முதல் ராத்திரியே போட்டாயிற்று. டிஸ்அசெம்பிளியில் ஒவ்வொரு தடவையும் மெமரியில் இருந்துதான் எடுக்கிறது. ஏ20 திறந்திருக்கிறது.

ரிச்சி தெரு பழசு:

தம்பி, உங்கள் லாகும் உண்மை, க்யூஇமுவும் உண்மை. இரண்டு பேரும் வேறு வேறு ஹெடரைப் படிக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒன்று சொல்லுங்கள். லோடர் இன்ட் 13 கூப்பிடும்போது எஸ்எஸ் (லோக்கல் வேரியபிள்கள் இருக்கும் ஸ்டேக் எந்த செக்மென்ட்டில் என்று சொல்லும் ரெஜிஸ்டர்) எவ்வளவு? நீங்கள் உள்ளே வந்ததும் சொந்த ஸ்டேக்குக்கு மாறுகிறீர்களா, இல்லை கூப்பிட்டவன் ஸ்டேக்கிலேயே ஓடுகிறீர்களா?

பெருங்குடி ஆந்தை:

கூப்பிட்டவன் ஸ்டேக்கிலேயேதான் சார். எஸ்எஸ் = 9000 (ஹெக்ஸ்). ஸ்டேட்டஸின் முகவரி 7940, ஹெடர் 7920. லோடர் கொடுக்கும் பஃபர் முகவரியைச் சரியாகத்தான் பிசிக்கலாக மாற்றுகிறேன்: இஎஸ்ஸை 16 ஆல் பெருக்கி பிஎக்ஸைக் கூட்டி.

ரிச்சி தெரு பழசு:

வந்தவன் கொடுத்த முகவரியை மாற்றினீர்கள். உங்கள் சொந்த வேரியபிளை யார் மாற்றுவது? 7940 என்பது எஸ்எஸ்ஸுக்குள் ஆஃப்செட், செக்மென்ட் தொடங்கும் இடத்தில் இருந்து தூரம். எஸ்எஸ்ஸையும் 16 ஆல் பெருக்கிக் கூட்டினால் உண்மையான இடம் 97940. டிஸ்க்ரிப்டரில் நீங்கள் எழுதிக்கொடுத்தது வெறும் 7940. டிவைஸுக்கு செக்மென்ட் என்றால் என்னவென்றே தெரியாது, கெஸ்டின் (விர்ச்சுவல் மெஷினின்) பிசிக்கல் முகவரி மட்டும்தான். சென்னையில் "2-வது குறுக்குத் தெரு, கதவு எண் 7" என்று மட்டும் எழுதிக் கூரியர் அனுப்புகிற மாதிரி. எந்த நகரில் இல்லை இரண்டாவது குறுக்குத் தெரு?

டிவைஸ் 7920-க்குப் போனது. அங்கே வெறும் பூஜ்யங்கள். வகை 0 என்றால் விர்ட்ஐஓவில் "படி", செக்டர் 0. ஆக, பிழையே இல்லாத ஒரு ரிக்வெஸ்ட்! விசுவாசமாக செக்டர் 0-ஐப் படித்து, நீங்கள் சரியாகக் கொடுத்த பஃபரில் போட்டுவிட்டு, "முடிந்தது" என்று 7940-இல் 0 எழுதியிருக்கிறது. நீங்கள் 97940-ஐப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

க்ரப் பிழைத்ததற்குக் காரணம் உங்கள் கோடு இல்லை. அதன் பூட் செக்டர் எஸ்எஸ்ஸை 0 ஆக்கி, ஸ்டேக்கின் உச்சியைக் காட்டும் எஸ்பியை 2000-இல் வைக்கும். எஸ்எஸ் 0 என்றால் ஆஃப்செட்டும் பிசிக்கலும் ஒன்றே. உங்கள் நண்பர் பழைய லினக்ஸ் பூட் செக்டரைப் பார்த்து எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன், அதுவும் தன்னை 90000-க்கு நகர்த்திக்கொள்ளும். ஐடிஇ ஓடியதும் இதே மாதிரிதான். நீங்கள் எழுதியது பிஐஓவாக இருந்தால் சிபியுவே 16 பிட் 16 பிட்டாக எடுத்துப் போடும், செக்மென்ட் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். நான் டாஸ் காலத்தில் எழுதியதெல்லாம் அந்த ரகம், அதனால் இந்தக் குழியில் நானும் வெகு தாமதமாகத்தான் விழுந்தேன்.

நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். 7940-இல் முன்பே 0 இருந்திருக்கும், சும்மா பார்த்தால் ஒன்றும் நிரூபணமாகாது. ரிக்வெஸ்டுக்கு முன் ஜிடிபி டிபக்கர் வழியாக அங்கே 55 எழுதுங்கள். பிறகு க்யூஇமு மானிட்டரில் எக்ஸ்பி கட்டளையால் இரண்டு இடத்தையும் பாருங்கள். ரியல் மோடில் (இந்த 16 பிட் மோடில்) ஜிடிபி செக்மென்ட்டைக் கூட்டிக்கொள்ளாது, முழு முகவரியை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

பெருங்குடி ஆந்தை:

7940-இல் 55 போய் 0 வந்துவிட்டது. 97940-இல் 255 அப்படியே. சார், காலில் விழுகிறேன்.

எஸ்எஸ்ஸை 4 பிட் தள்ளி (அதாவது 16 ஆல் பெருக்கி) கூட்ட ஒரு மேக்ரோ போட்டேன். லோடர் முழுசாக ஓடியது. ஆனால் இப்போது போஸ்ட் சமயத்தில் (மெஷின் தன்னைச் சோதித்துக்கொள்ளும் தொடக்கக் கட்டம்) முதல் செக்டரைப் படிப்பதே படுத்துவிட்டது! அது 32 பிட் ஃப்ளாட் மோடில் ஓடும் பகுதி, இதே சோர்ஸ்தான் இரண்டு தடவை கம்பைல் ஆகிறது. ஸ்டேட்டஸ் முகவரி சரியாக ஹெக்ஸ் 100 தள்ளிப் போகிறது.

தரமணி ஷிஃப்ட்:

32 பிட்டில் எஸ்எஸ்ஸில் இருப்பது செலக்டர், ஜிடிடி என்ற செக்மென்ட் அட்டவணையில் எத்தனையாவது வரி என்பதைச் சொல்வது. உங்களுடையது 10 ஹெக்ஸாக இருக்கும், 4 பிட் தள்ளினால் 100. அங்கே பேஸ் (செக்மென்ட் தொடங்கும் முகவரி) 0, எதையும் கூட்டக் கூடாது. மேக்ரோவை மோடுக்கு ஏற்ப இரண்டாகப் பிரியுங்கள்.

இன்னொரு வழி, இன்ட் 13-க்குள் வந்ததும் 32 பிட்டுக்கு மாறி டிரைவரை அங்கேயே ஓட்டுவது. சீபயாஸ் விர்ட்ஐஓ டிரைவர்களை அப்படித்தான் ஓட்டுகிறது. விர்ட்ஐஓ 1.0-க்குப் போனால் ரெஜிஸ்டர்கள் 1 எம்பிக்கு மேலே மெமரியில் இருக்கும், 16 பிட்டில் இருந்து கை எட்டாது. எப்படியும் மாறத்தான் வேண்டியிருக்கும்.

பெருங்குடி ஆந்தை:

10-தான். மேக்ரோவைப் பிரித்தேன், இரண்டு இமேஜும் பூட் ஆகின்றன. 32 பிட் மாற்றம் அடுத்த வாரம்தான், இப்போது தூங்கப் போகிறேன்.

வேகாத வடை:

வாலட்டைலை எடுத்துவிடாதீர்கள் ப்ரோ, அது அங்கே வேண்டும்.