மகளுக்கு ரகசியமாக இன்னொரு இன்ஸ்டா கணக்கு: கேட்பதா, கண்டுகொள்ளாமல் விடுவதா?

நிலாமுற்றம்:
என் மகளுக்கு 14 வயது. இன்ஸ்டாகிராமில் அவள் கணக்கை நானும் பின்தொடர்கிறேன், எல்லாம் பூனையும் பிறந்தநாள் வாழ்த்தும்தான். நேற்று ஏதோ படம் காட்ட போனை என் பக்கம் நீட்டியபோது மேலே வேறொரு கணக்கின் பெயரில் நோட்டிஃபிகேஷன் வந்தது, சட்டென்று விரலால் தள்ளிவிட்டாள். கணவர் போனைப் பிடுங்கி வைக்கச் சொல்கிறார். பிடுங்கினால் அடுத்த முறை இன்னும் கெட்டிக்காரத்தனமாக மறைப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் தூங்கும்போது எடுத்துப் பார்த்துவிடலாமா என்றுகூட யோசித்தேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பழையரேடியோ:
திருட்டுத்தனமாகப் பார்க்காதீர்கள் சகோதரி, தெரிந்தால் அதோடு பேச்சு நின்றுவிடும். நெருங்கிய தோழிகளுக்கு மட்டும் கோணல்மாணல் படங்கள் போட இப்படி ஒரு கணக்கு வைப்பது பிள்ளைகளிடம் சகஜம். அதில் என்ன போடுகிறாள் என்று கேட்காமல், யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இருவரும் உட்கார்ந்து ஃபாலோயர் பட்டியலை ஒவ்வொன்றாகத் தள்ளி, இவரை நேரில் பார்த்திருக்கிறாயா என்று மட்டும் கேட்டாலே போதும். அப்புறம், பிறந்த வருடம் என்ன கொடுத்திருக்கிறாள் என்று பாருங்கள். 2024 செப்டம்பரில் இன்ஸ்டாகிராம் டீன் கணக்கு என்று கொண்டுவந்தார்கள். அதில் கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும், முன்பின் தெரியாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது, 16 வயதுக்குக் கீழே என்றால் அந்தப் பூட்டுகளைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். வயதைக் கூட்டிப் போட்டிருந்தால் பெரும்பாலும் இது எதுவுமே வேலை செய்யாது.

சும்மாஒருவன்:
14 வயதில் ரெண்டு கணக்கு எதற்கு? ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குள் கணக்கே கூடாது என்று 2025 டிசம்பர் 10 முதல் சட்டம். போனை வாங்கி அலமாரியில் வையுங்கள்.

கடைசிபெஞ்ச்:
அந்தச் சட்டத்தில் அபராதம் கம்பெனிகளுக்குத்தான் அண்ணா, பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. எனக்கு இப்போது 19. பதினாறு வயதில் ஒரு பெண் பெயரில் எவனோ பேசி, வேறு ஆப்புக்கு இழுத்து, ஒரு படம் வாங்கிவிட்டான். அடுத்த பத்தே நிமிஷத்தில் என் ஃபாலோயர் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, பணம் தராவிட்டால் இத்தனை பேருக்கும் போகும் என்றான். இரண்டு தடவை கொடுத்தேன், மூன்றாவது தடவையும் கேட்டான், கொடுக்கக் கொடுக்க விடவே மாட்டார்கள். 11 நாள் வீட்டில் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் அப்பா முன்பே சொல்லியிருந்தார், ஏதாவது பிரச்சினை என்றால் முதலில் போன் போய்விடும் என்று. கடைசியில் அக்காவிடம்தான் அழுதேன். அவள் திட்டவில்லை. மிரட்டல் மெசேஜ்களை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுத்தான் ரிப்போர்ட் செய்து பிளாக் செய்தாள், முதலில் அழித்திருந்தால் கையில் ஆதாரமே இருந்திருக்காது.

இன்னொன்று, 'டேக் இட் டவுன்' என்று ஓர் இலவச சேவை இருக்கிறது, 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படங்களுக்கானது. படம் நம் போனை விட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் கைரேகை மாதிரி ஓர் எண் மட்டும் போகும், அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும். என்க்ரிப்ட் செய்த, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய சாட்டுக்குள் சுற்றுவதை அதால் பிடிக்க முடியாது.

நிலாமுற்றம்:
கேட்டுவிட்டேன். திட்டமாட்டேன், போனையும் வாங்கமாட்டேன் என்று முதலிலேயே சொன்னேன், கணவர் முறைத்தது வேறு கதை. மொத்தம் 23 பேர், 21 பேர் வகுப்புத் தோழிகள். மீதி இரண்டில் ஒருவரை யாரென்று அவளுக்கே தெரியவில்லை, தானாகவே நீக்கிவிட்டாள். இன்னொருவர் ஏதோ விளையாட்டில் பழக்கமாம், அதைப் பற்றி இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது. பிறந்த வருடம் 2001 என்று இருந்தது. அப்படியானால் நீ இந்நேரம் வேலைக்குப் போயிருக்க வேண்டுமே என்றேன், சிரித்துவிட்டாள்.