குழாயை மூடினாலும் ஆர்வி பம்ப் தானாக ஓடுகிறது: உதவி தேவை

வணக்கம். எங்கள் 24 அடி டிராவல் டிரெய்லரில் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் ஆர்வி, அதாவது நடமாடும் வீடு; 2016 மாடல்) எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் தண்ணீர் பம்ப் தானாக ஓடுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டே நொடி, 'டர்ர்' என்று. 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப், 55 பிஎஸ்ஐ அழுத்தம்.

மூன்று வாரமாக இப்படித்தான். இப்போது கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில், மேதர் முகாமில் இருக்கிறோம். இங்கே ஹூக்கப் (வெளியிலிருந்து வண்டிக்குத் தண்ணீர், மின்சார இணைப்பு) கிடையாது, இரவெல்லாம் பேட்டரிதான். சத்தத்தில் குழந்தை வேறு விழித்துக்கொள்கிறாள்.

பைப் இணைப்பு ஒவ்வொன்றிலும் டிஷ்யூ பேப்பர் சுற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. டாய்லெட் வால்வும் கசியவில்லை. பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினேன். அப்புறம் ஒன்று: போன வாரம் ஹூக்கப் உள்ள இடத்தில் வெளிக்குழாயில் இணைத்திருந்தோம். பம்ப் ஆஃபில்தான் இருந்தது. காலையில் பார்த்தால், காலியாக இருந்த நன்னீர்த் தொட்டி நிரம்பி, வண்டிக்கு அடியில் மண் சேறாகிக் கிடந்தது. தண்ணீர் பம்ப் வழியாகவே தொட்டிக்குத் திரும்புகிறது என்று நினைக்கிறேன்.

பம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் பக்கம் தனியாக ஒரு செக் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) போட்டால் போதுமா, அல்லது பம்பையே மாற்ற வேண்டுமா?