‘பம்ப் ஸ்டீர்’ - தமிழில் என்ன சொல்லலாம்?

கோவையிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வீட்டுப் பட்டறையில் டிராக் கார் கட்டுகிற நண்பர்களுக்காகவும், கல்லூரி ரேஸ் அணிப் பிள்ளைகளுக்காகவும் ஒரு தமிழ்க் கையேடு எழுதி வருகிறேன். பாதிப் பேர் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்கள். வெல்டிங், பிரேக் லைன், வயரிங் எல்லாம் சிக்கலில்லாமல் போனது. சஸ்பென்ஷன் அத்தியாயத்தில் ‘பம்ப் ஸ்டீர்’ வந்ததும் பேனா நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். ஓட்டுநர் ஸ்டியரிங்கை அசைக்கவே இல்லை. ஆனாலும் சக்கரம் மேலே ஏறும்போதோ கீழே இறங்கும்போதோ தானாக உள்பக்கமோ வெளிப்பக்கமோ கொஞ்சம் திரும்பிக்கொள்கிறது. கம்பெனியில் செய்து வருகிற காரில் இதைக் கணக்குப் போட்டு அடக்கியிருப்பார்கள். நாம் கட்டும் வண்டியில்தான் தலைகாட்டும். மாருதி 800-இன் ஸ்டியரிங் ரேக்கை (ஸ்டியரிங்கின் சுற்றலைப் பக்கவாட்டு நகர்வாக்கிச் சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம்) எடுப்போம், சக்கரத்தைப் பிடிக்கும் ஆர்ம்களை நாமே குழாயில் வளைத்துச் செய்வோம், சேஸிஸில் (வண்டியின் சட்டகத்தில்) எங்கே இடம் இருக்கிறதோ அங்கே ரேக்கை உட்கார வைப்போம். அந்த ரேக்கின் நீளமோ அந்த காரின் ஸ்ட்ரட் அமைப்புக்கு (அப்பர் ஆர்ம் இல்லாத சஸ்பென்ஷன்) என்று செய்தது, நம் ஆர்ம்களுக்குப் பொருந்தாது.

எங்கள் ஊரில் இது புதிய பழக்கமும் இல்லை. 1980களின் கடைசியில் பந்தய ஓட்டுநர் எஸ். கரிவரதன் அதே மாருதியின் 796 சிசி எஞ்சினைப் போட்டு பார்முலா மாருதி வண்டியைக் கொண்டுவந்தார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த டிராக் அவர் பெயரில்தான் இருக்கிறது. இத்தனை காலம் கட்டியும் இந்தக் கோளாறுக்கு எங்களிடம் எழுத்துத் தமிழ்ச் சொல் கிடையாது. உதவுங்கள்.

மதுரையிலிருந்து:

நல்ல முயற்சி, தம்பி. பம்ப் என்பது மேடு, ஸ்டீர் என்பது திருப்புதல். ‘மேட்டுத் திருப்பம்’ என்று வைத்துக்கொள்ளலாமே? சுருக்கமாக இருக்கிறது, புணர்ச்சியும் இடிக்கவில்லை. வேண்டாமென்றால் ‘தன்திருப்பம்’ என்றும் ஆளலாம்.

சென்னையிலிருந்து:

ஐயாவுக்கு வணக்கம். ‘மேட்டுத் திருப்பம்’ என்றதும் எனக்குப் பஸ் ஸ்டாப் பெயர்தான் ஞாபகம் வந்தது. கண்டக்டர் விசில் கொடுப்பது வரை காதில் கேட்டுவிட்டது. அது கிடக்கட்டும், எனக்கு இரண்டு தடைகள் உண்டு.

முதலாவது, மேடு. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் இந்தக் கோளாறு வண்டியைப் படுத்துகிற இடங்களில் மேடே இருக்காது. நேர்ப்பாதை முடிந்து பிரேக்கை அழுத்தினால் வண்டியின் மூக்கு இறங்கும். மூக்கு இறங்கினால், சேஸிஸிலிருந்து பார்க்க, முன்சக்கரம் இரண்டும் மேலே ஏறுகின்றன. வளைவுக்குள் போனால் வண்டி சாயும். வெளிப்பக்கச் சக்கரம் ஏறும், உள்பக்கச் சக்கரம் இறங்கும். எல்லாம் தட்டையான தாரில் நடக்கிறது. சொல்லில் மேடு இருந்தால் பையன் மேட்டைத் தேடுவான். டிராக் ஓரத்துக் கெர்ப் மேல் ஏறாமல் ஓட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொள்வான். ஆங்கிலச் சொல்லில் உள்ள ஊனத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். இங்கே யாரும் எதையும் திருப்பவில்லை. திருப்புவது ஓட்டுநர், திரும்புவது சக்கரம். தன்வினைக்கும் பிறவினைக்கும் தமிழ் ஒரே எழுத்தில் வேறுபாடு காட்டிவிடுகிறது. அதை விட்டுவிட்டு இரண்டையும் ‘திருப்பம்’ என்ற பையில் போட்டால் நஷ்டம் நமக்குத்தான். ஓட்டுநர் கையால் நடப்பதற்குத் ‘திருப்பல்’, வண்டி தானாகச் செய்வதற்குத் ‘திரும்பல்’ என்று கோடு போட்டுவிட்டால் ஒரு குடும்பமே வரிசையாக வந்து நிற்கும். வண்டி சாய்வதால் வருவது சாய்திரும்பல். முன்சக்கர இழுவை வண்டியில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் கையைப் பிடுங்குகிறதே, அது முறுக்குத்திரும்பல். கேட்டதைவிடக் குறைவாகத் திரும்பினால் குறைதிரும்பல், அதிகமாகத் திரும்பிப் பின்பக்கம் வெளியே ஓடினால் மிகைதிரும்பல். அதோடு, பள்ளிக்கூட இயற்பியலில் திருப்புத்திறன், திருப்புவிசை என்று இரண்டு சொற்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. அங்கே போய் மூன்றாவதாக ‘திருப்பம்’ எதற்கு?

என் முன்மொழிவு: ஏறுதிரும்பல். சக்கரம் இறங்கும்போது வருவது இறங்குதிரும்பல். கோளாறைக் கண்டுபிடிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பேச வேண்டி வரும் என்பதால் இரண்டு சொல் இருப்பது நல்லதுதான்.

கையேட்டுக்கு உதவுமே என்று காரணத்தையும் எழுதிவிடுகிறேன். சக்கரத்தைப் பிடித்திருக்கும் அப்பர் ஆர்ம், லோயர் ஆர்ம் இரண்டும் சேஸிஸில் உள்ள தத்தம் முளையைச் சுற்றி வட்டவில்லில் போய்வருகின்றன. ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியான டை ராடும் ரேக்கின் முனையைச் சுற்றித் தன் வில்லில் போய்வருகிறது. ஒரே பலகையை இரண்டு கயிற்றில் கட்டி, ஒரு கயிறு மட்டும் நீளம் வேறாக இருக்கும் ஊஞ்சல் எப்படி ஆடும்? பலகை கோணிக்கொள்ளும். அதேதான் இங்கேயும். டை ராட் சரியான நீளத்தில், சரியான உயரத்தில் இருந்தால் இரண்டு வில்லும் ஒத்துப்போகும், சக்கரம் நேராகவே ஏறி இறங்கும். அப்பர், லோயர் ஆர்ம்களின் கோடுகளை நீட்டினால் ஒரு புள்ளியில் சந்திக்கும். டை ராடின் கோடும் அந்தப் புள்ளியை நோக்கிப் போக வேண்டும். இதற்கு சாப்ட்வேர் தேவையில்லை. ஹார்ட்போர்டில் அளவோடு வெட்டி, குண்டூசி குத்தி ஆட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்குகிறவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். சேஸிஸ் இறங்கியதும் டை ராடின் கோணம் மாறிவிடுகிறது. அலைன்மெண்ட் கடையில் நின்ற நிலையில் பார்த்து ‘டோ சரியா இருக்கு’ என்று சீட்டு கொடுப்பார்கள் (டோ என்பது மேலிருந்து பார்க்கச் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்கும் அளவு). ஓடும்போது சக்கரம் என்ன செய்கிறது என்று அந்த மிஷினுக்குத் தெரியாது.

இங்கிலாந்திலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், இஞ்ச வந்து கனகாலம். கராஜுக்குள்ள செவன் மாதிரிக் கார் ஒண்டு வைச்சிருக்கிறன். கொலின் சாப்மன் 1957-ல கொண்டுவந்த லோட்டஸ் செவனின்ர வழியில வந்ததுகள் இஞ்ச ஏராளம். அந்தக் காலத்தில முழுக் காருக்குக் கொள்வனவு வரி இருந்தது, துண்டு துண்டாகக் கிட் எண்டு வாங்கினால் இல்லை. அதால சனம் வீட்டிலயே பூட்டப் பழகிட்டுது. வரி போனாப் பிறகும் பழக்கம் போகேல்லை.

‘தன்திருப்பம்’ வேண்டாம் ஐயா. இஞ்ச வீட்டில கட்டின கார் றோட்டுக்கு வர ஐ.வி.ஏ. எண்டொரு சோதனை இருக்கு. வளைவில போய் சுக்கானை, அதாவது ஸ்டியரிங்கை, தளர்த்தி விட்டால் சில்லு (சக்கரம்) தானா நேருக்குத் திரும்பி வரவேணும், வராட்டில் பெயில். அந்தத் தானாத் திரும்புறது நல்ல குணம். நீங்கள் கேக்கிறது கெட்ட குணம். ரெண்டுக்கும் ஒரே பேர் வைச்சால் வில்லங்கம்.

நான் வாங்கினது ஆரோ அரைவாசியில விட்ட கார். முன்னுக்குப் பழைய ஃபோர்ட் எஸ்கோர்ட் காரின்ர ரேக். பிரேக் போட்டால் சுக்கான் கையுக்குள்ள உயிரோட துடிக்கும். ஸ்பிரிங்கைக் கழட்டிப்போட்டு, சில்லு இருக்கிற இடத்தில 300 மில்லிமீற்றர் அலுமினியத் தட்டொண்டைப் பூட்டி, அதின்ர முன் விளிம்பில ஒரு டயல் கேஜ், பின் விளிம்பில ஒண்டு வைச்சன். ரேக்கை நடுவில அசையாமல் பூட்டிப்போட்டு, ஜாக்கியால 10 மில்லிமீற்றர் படியா உயர்த்தி உயர்த்தி எழுதினன். 50 மில்லிமீற்றர் ஏறேக்க ரெண்டு கேஜுக்கும் இடையில 4 மில்லிமீற்றர் வித்தியாசம். அதெண்டால் முக்கால் பாகை. ஒரு மில்லிமீற்றருக்கு 0.19 பாகை எண்டு கணக்கு வைச்சுக்கொள்ளுங்கோ.

வரைபுதான் வடிவா எல்லாத்தையும் சொல்லும். கோடு நேராச் சரிஞ்சு, ஏறேக்க ஒரு பக்கமும் இறங்கேக்க மற்றப் பக்கமும் போனால் பிழை உயரத்தில. ரேக்குக்குக் கீழ தகடு வைக்கலாம், இல்லாட்டில் டை ராட் முனையில வொஷர் போடலாம். ஏறினாலும் இறங்கினாலும் ஒரே பக்கம் வளைஞ்சால் பிழை நீளத்தில. அதுக்கு ரேக்கையே மாத்தவேணும், இல்லாட்டில் முளைகளை அரிஞ்சு ஒட்டவேணும். எனக்கு நல்லகாலம், உயரம். 6 மில்லிமீற்றர் தகட்டில முடிஞ்சுது.

சொல்லுக்கு வந்தால், ‘திரும்பல்’ எனக்குச் சரி. ஆனா என்ர குறிப்பில சுக்கான், சில்லு எண்டுதான் எழுதுவன், அதை மாத்தச் சொல்லாதேங்கோ.

மதுரையிலிருந்து:

சென்னைத் தம்பியின் தன்வினை, பிறவினை வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். இலக்கணம் படித்தவன் நான், அது எனக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும். ஆனால் ‘ஏறுதிரும்பல்’ கூடவே கூடாது. மாடுபிடி நடக்கிற மண்ணில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன். ஏறுதழுவல் என்ற சொல்லை அறிந்தவனுக்கு ‘ஏறுதிரும்பல்’ என்றால் வாடிவாசலை விட்டுப் போன காளை திரும்பி வருகிறது என்றுதான் பொருள்படும்.

‘ஏற்றத்திரும்பல்’ என்றால் மலைப்பாதை நினைவு வரும், அதுவும் வேண்டாம். சக்கரம் மேலும் கீழும் போய்வருவதற்கு உங்கள் பட்டறையில் பொதுவாக என்ன சொல்கிறீர்கள்? அதிலிருந்து எடுத்தால்தான் நிலைக்கும்.

கோவையிலிருந்து:

ஐயா, பட்டறையில் ‘டிராவல்’ என்போம். தமிழில் சொன்னால் ‘அசைவு’. ‘அசைவு பத்தல, ஸ்பிரிங் அடிவாங்குது’ என்று சர்வ சாதாரணமாக வரும். அப்படியானால் அசைதிரும்பல்? ஏற்றம், இறக்கம் இரண்டுக்கும் பொருந்துகிறது. பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஏறும்போது’, ‘இறங்கும்போது’ என்று வினையிலேயே சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் மிஸ்திரி இதற்கு ஒரு பேர் வைத்துத்தான் இருக்கிறார். ‘வண்டி வெட்டுது’ என்பார். ‘இழுக்குது’ வேறு, ‘வெட்டுது’ வேறு. டயரில் காற்று குறைந்தால், பிரேக் ஒருபக்கம் பிடித்தால் வண்டி இழுக்கும். நேராகப் போய்க்கொண்டே இருந்து குலுங்கினதும் சட்டென்று பக்கம் மாறினால் வெட்டும். இந்த வேறுபாடு எந்த அகராதியிலும் கிடைக்காது. ‘அசைவெட்டு’ என்று வைத்தால் என்ன என்றும் ஒரு ஆசை.

சென்னையிலிருந்து:

‘அசைதிரும்பல்’ நன்றாக இருக்கிறது. அசை என்றதும் நேரசை, நிரையசை என்று ஐயா ஆரம்பிக்காமல் இருந்தால் சரி.

‘வெட்டு’ பற்றி: அதை விடக்கூடாது, ஆனால் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். வெட்டுவது ஓட்டுநர் உணர்கிற அறிகுறி. அதற்குக் காரணம் அசைதிரும்பலாகவும் இருக்கலாம், தேய்ந்துபோன ராட் எண்டாகவும் (டை ராட் முனையிலுள்ள மூட்டு) இருக்கலாம், ரேக்கைத் தாங்கும் பிராக்கெட்டில் விட்ட விரிசலாகவும் இருக்கலாம். டிராக் நாள் முடிந்து வந்ததும் ஒருவர் வண்டியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். ராட் எண்டில் ஆட்டம் இருந்தால் கண்ணுக்கு முன் விரலுக்குத் தெரியும். லாக் நட்டிலும் கம்பியிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டு வைத்தால் நட் தளர்ந்ததும் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். இதெல்லாம் முடித்தும் வெட்டுகிறது என்றால்தான் ஸ்பிரிங்கைக் கழற்றி அசைதிரும்பலை அளக்கப் போக வேண்டும். கெர்பில் மோதினாலோ, வண்டி உயரத்தை மாற்றினாலோ மறுபடி அளவு. அறிகுறிக்கும் காரணத்துக்கும் ஒரே சொல் இருந்தால் பையன் நேராகத் தகடு வெட்டப் போய்விடுவான்.

பின்சக்கரத்தையும் எழுதுங்கள். மாருதி எஞ்சினை முன் சஸ்பென்ஷனோடு அப்படியே எடுத்துப் பின்னால் பொருத்துகிறவர்கள், ஸ்டியரிங் இல்லையே என்று டை ராடைக் கையில் கிடைத்த நீளத்துக்கு வெட்டி சேஸிஸில் வெல்ட் பண்ணிவிடுகிறார்கள். அங்கே வருவதும் அசைதிரும்பல்தான், முன்பக்கத்தைவிட ஆபத்தானது. வளைவில் வெளிப்பக்கப் பின்சக்கரம் ஏறும்போது வெளிநோக்கித் திரும்பினால் வண்டியின் பின்பக்கம் கேட்காமல் சுற்றிக்கொள்ளும். ஓட்டுநரின் கையில் முன்னறிவிப்பே வராது. அங்கே ஸ்டீரே கிடையாது, இருந்தும் ஆங்கிலத்தில் அதற்கும் ‘ரியர் பம்ப் ஸ்டீர்’ என்றுதான் பெயர். நம் சொல் அங்கேயும் நெளியாமல் நிற்கிறது.

இங்கிலாந்திலிருந்து:

அசைதிரும்பல். சம்மதம். பின்னுக்குக் கட்டாயம் எழுதுங்கோ அண்ணை. அதோட, முன்சில்லு ஏறேக்க எந்தப் பக்கம் திரும்பலாம் எண்டும் ஒரு வரி சேருங்கோ. முழுசா இல்லாமல் ஆக்கேலாட்டில், ஏறேக்க மிகக் கொஞ்சமா வெளிப்பக்கம் போறது பரவாயில்லை. வளைவில வெளிச்சில்லு கொஞ்சம் குறைவாத் திரும்பும், கார் அடங்கி நிக்கும். உள்பக்கம் போனால் கார் கேட்டதைவிடக் கூடத் திரும்பிப் பயமுறுத்தும். இடமும் வலமும் ஒரே அளவு இருக்கவேணும் எண்டதையும் மறக்காதேங்கோ.

மதுரையிலிருந்து:

நேரசையும் இல்லை, நிரையசையும் இல்லை, ஒப்புதல். சேர்த்தே எழுதுங்கள், இடைவெளி வேண்டாம். வினைத்தொகை.

கோவையிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. அசைதிரும்பல் என்றே கையேட்டில் போடுகிறேன். ‘பம்ப் ஸ்டீர்’ என்று பட்டறையில் சொல்வார்கள் என்பதை முதல் முறை வரும் இடத்தில் மட்டும் குறிப்பிடுவேன். சாய்திரும்பல், முறுக்குத்திரும்பல், குறைதிரும்பல், மிகைதிரும்பல் நான்கும் சொற்பட்டியலில் சேர்ந்துவிட்டன. ‘வெட்டுது’ அறிகுறி அட்டவணையில், ‘இழுக்குது’ என்பதற்குப் பக்கத்து வரிசையில் போகிறது. ஈழ நண்பரின் அளவீட்டு முறையை அவர் நடையிலேயே ஒரு பெட்டிச் செய்தியாக வைக்க அனுமதி கேட்கிறேன். சுக்கானும் சில்லும் அப்படியே இருக்கும்.

அடுத்தது சக்கரக் கோணங்களான கேம்பர், காஸ்டர், டோ மூன்றும். டோ-வுக்கு ‘முன்குவிவு’, ‘முன்விரிவு’ என்று வைத்திருக்கிறேன். தனி இழையில் போடுகிறேன், அங்கே வாருங்கள்.