சைகஸ் நாற்று: பவளவேரில் பச்சை வளையம் தெரியவில்லை, ஏன்?

மேலூர்_தாவரவியல்:
வணக்கம். இளங்கலை செய்முறை வகுப்புக்காக அழகர்கோவில் ரோட்டு நர்சரியில் சைகஸ் சர்சினாலிஸ் (பனை போலத் தோன்றும் விதைத் தாவரம்) நாற்றுகள் வாங்கினோம். தென்னைநார்க் கழிவுக் கலவையில் வளர்ந்தவை, முளைத்து ஒன்றரை வருஷம். தண்டும் வேரும் சேரும் கழுத்தை ஒட்டி முடிச்சு முடிச்சாக வேர்கள் மண்ணுக்கு மேலே எட்டிப் பார்க்கின்றன. அவற்றை எஃப்ஏஏ-வில் (ஃபார்மலின், அசிட்டிக் அமிலம், ஆல்கஹால் கலந்த பதப்படுத்தும் திரவம்) ஒரு வாரம் வைத்து, குறுக்குவெட்டு எடுத்து, சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் ஏற்றினோம். புத்தகத்தில் போட்டிருக்கும் பச்சை வளையம் (நாஸ்டாக் என்ற நீலப்பச்சைப்பாசி குடியிருக்கும் அடுக்கு) எதிலும் இல்லை. இது பவளம் போலக் கிளைக்கும் பவளவேரா, நூற்புழு முடிச்சா? இன்னொன்று: ஆணிவேரில் சைலம் (நீர் கடத்தும் திசு) முனை நாலு, கிளைவேரில் இரண்டுதான். எதைச் சரி என்று மாணவர்களுக்குச் சொல்வது?

வேர்நோக்கி:
சைலம் முனையை முதலில் முடித்துவிடலாம். இரண்டுமே சரி. சைகஸ் வேரில் முனைகள் இரண்டு முதல் எட்டு வரை போகும். மெல்லிய கிளைவேரில் இரண்டு, தடித்த வேரில் கூடுதல். எண்ணை மனப்பாடம் பண்ணச் சொல்வதை விட, முன்தோன்றிய சைலம் வெளிப்பக்கம் இருப்பதை, அதாவது வெளிநோக்கு சைலம் என்பதை, வெட்டில் காட்டச் சொல்லுங்கள். சைலக்குழாய் தேட வேண்டாம், நீர் கடத்துவது டிரக்கீடு என்ற நீண்ட செல்கள்தான். ஒன்றரை வருஷ ஆணிவேரில் கேம்பியம் (வேரைத் தடிக்க வைக்கும் செல் அடுக்கு) வேலையைத் தொடங்கியிருக்கும். நுனிப்பக்கம் இளசான இடத்தில் வெட்டினால்தான் முதல்நிலை அமைப்பு கலையாமல் கிடைக்கும்.

வளையத்துக்கு வருவோம். உங்கள் விஷயத்தில் காரணம் இரண்டில் ஒன்று, அல்லது இரண்டுமே.

எஃப்ஏஏ-வில் 100 மில்லிக்கு 90 மில்லி 70% ஆல்கஹால். பச்சையத்தை அது உருவி எடுத்துவிடும். மிச்சம் இருப்பதையும் சாஃப்ரனின் சிவப்பு மூடிவிடும். பச்சையைப் பார்க்க வேண்டுமானால் அன்றைக்குப் பறித்த வேரை, சாயம் எதுவும் இல்லாமல், வெறும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். வளையம் இருந்தால் வெட்டு முகத்தில் நீலப்பச்சைக் கோடாகக் கைலென்ஸிலேயே தெரியும். 400 மடங்கில் மணிமாலை போல நாஸ்டாக் இழை, இடையிடையே வெளிறிப் பெருத்த ஹெட்டிரோசிஸ்ட் (நைட்ரஜனை நிலைநிறுத்தும் செல்).

அப்படியும் இல்லையென்றால் அது முன்பவளவேர், அதாவது நாஸ்டாக் இன்னும் ஏறாத பவளவேர். இந்தக் கிளைகள் உருவாக நாஸ்டாக் தேவையில்லை. கிருமி நீக்கிய ஊடகத்தில் வளரும் நாற்றிலும் வரும். நாஸ்டாக் பிறகுதான் மண்ணிலிருந்து பட்டைத்துளை, வெடிப்பு வழியாக உள்ளே போகிறது. வெறும் நார்க்கழிவில் வளர்ந்த செடிக்கு அந்த வாய்ப்பு குறைவு.

ஏற்கெனவே பதப்படுத்திய வெட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். நிறம் போனாலும் அமைப்பு போகாது. புறணியில் (வேரின் தோலுக்கும் நடுவிலுள்ள சைலப் பகுதிக்கும் இடைப்பட்ட திசு), வெளிப்புறணிக்கும் உட்புறணிக்கும் நடுவே, ஆரப்போக்கில் நீண்ட செல்கள் ஓர் அடுக்கு, இடையில் அகலமான சந்துகள் என்று தெரிந்தால் நாஸ்டாக் இருந்த வேர். புறணி முழுக்க ஒரே மாதிரி உருண்டைச் செல்களாக இருந்தால் இல்லை. வெட்டும் இடமும் முக்கியம்: கிளையின் உச்சியில் வளையம் இருக்காது, அடியில் பழுத்துப் பழுப்பாகியிருக்கும். நுனியிலிருந்து 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள்.

மல்லிக்காடு:
நூற்புழுச் சந்தேகத்துக்கு மட்டும் சொல்கிறேன். நம்ம பக்கம் கத்தரி, தக்காளி போட்ட தோட்டத்து மண்ணைக் கலவையில் சேர்த்திருந்தால் வேர்முடிச்சு நூற்புழு வரலாம். ஆனால் அந்த முடிச்சு ஓடுகிற வேரிலேயே வீங்கும், வேர் அதைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டே இருக்கும். ஊசியால் கீறினால் முத்து மாதிரி வெள்ளையாகப் பெண்புழு வரும். பவளவேர் இரண்டிரண்டாகக் கவைவிட்டு மேல்நோக்கி நிற்கும், நுனி மொட்டையாக முடியும். நீங்கள் சொல்வது பவளவேர்தான். புழு மருந்து வாங்கிக் கொட்டிவிடாதீர்கள்.

மேலூர்_தாவரவியல்:
நன்றி ஐயா. தண்ணீரில் வைத்துப் பார்த்தாயிற்று, பச்சையே இல்லை, முன்பவளவேர்தான் போலிருக்கிறது. நாஸ்டாக் ஏற்ற வழி உண்டா? கூடவே, ஆணிவேர் வெட்டு கொழகொழவென்று பிளேடில் ஒட்டுகிறது, செல்லுக்குள் ஒன்றும் புலப்படவில்லை.

வேர்நோக்கி:
பவளவேர் பச்சையாக இருக்கும் பழைய சைகஸ் தொட்டியிலிருந்து மேல்மண் ஒரு கைப்பிடி எடுத்து, நாற்றின் கழுத்தைச் சுற்றிப் பரப்புங்கள். அதே தொட்டியின் பச்சைப் பவளவேர்த் துண்டு ஒன்றை நசுக்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் இன்னும் நல்லது. மேல் 3 செ.மீ. மண் காயக்கூடாது, சித்திரை வெயிலில் நிழல்வலைக்குள் வையுங்கள். எல்லாக் கிளையிலும் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கொழகொழப்பு வந்தால் வெட்டு தண்டுப்பக்கம் ஏறிவிட்டது என்று பொருள். கோந்துக் குழாய் தண்டில்தான் நிறைய. விதை ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து நன்றாகக் கீழே இறங்குங்கள். ஆணிவேரின் மேல்பாகத்தில் குறுக்குச் சுருக்கம் தெரிந்தால் அது வாடல் அல்ல. பல சைகட் (சைகஸ் வகைச் செடி) நாற்றுகளில் வேர் சுருங்கிக் கழுத்தை மண்ணுக்குள் இழுக்கும். அந்த இடத்துச் செல் வரிசை நெளிந்திருக்கும், முதல் பாடத்துக்கு உதவாது.

செல்லுக்குள் புலப்படாததற்குக் காரணம் ஸ்டார்ச். ஒரு வெட்டில் அயோடின் விட்டுக் கருநீலத்தைக் காட்டிவிடுங்கள். மற்றவற்றை நீர்த்த பிளீச்சிங் கரைசலில் 5 நிமிஷம் வைத்து, வாடை போகும் வரை கழுவி, பிறகு சாஃப்ரனின். கழுவாமல் விட்டால் சாயமே வெளுத்துவிடும். இரும்பு பிளேடு வேண்டாம்: டானின் பட்டு வெட்டு கறுக்கும், ஸ்டெயின்லெஸ் போதும். கேரட் துண்டைப் பிளந்து அதில் மெல்லிய வேரைச் செருகி வெட்டினால் சாயாது.

மல்லிக்காடு:
அடுத்த தடவை விதையாகவே வாங்குங்கள். சதைத்தோலைக் கையுறை போட்டு உரிக்க வேண்டும், நஞ்சு. படுக்கவைத்துப் பாதி புதைத்து, 30 செ.மீ. ஆழப் பையில் போடுங்கள். குட்டைப் பையில் ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டுவிடும், நேர் வெட்டு கிடைக்காது. முளைத்த பிறகு விதையைப் பிடுங்காதீர்கள், வித்திலை இரண்டும் உள்ளேயே இருந்து நாற்றுக்கு ஊட்டுகின்றன. காட்டுச் செடியில் கைவைக்கவே வேண்டாம். சர்சினாலிஸ் ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனம்.