டாலர் நாணயத்தைக் கடைக்காரர் மறுக்கலாமா?

கேள்வி: அமெரிக்கக் கடைகளில் ஒரு டாலர் நாணயங்களை நீட்டினால் "நோட்டு இருக்கா?" என்கிறார்கள். லீகல் டெண்டர் (சட்டப்படி செல்லும் பணம்) என்றால் வாங்கித்தானே ஆகணும்?

பதில் 1: கட்டாயமில்லை. கூட்டரசுச் சட்டத்தின் 31-வது தலைப்பு, பிரிவு 5103 பேசுவது கடன், வரி, அரசுக் கட்டணம் பற்றி. கல்லாவில் நிற்கும்போது விற்பனையே முடியவில்லை, கடன் எங்கே வந்தது? மாநிலச் சட்டம் தடுக்காதவரை கடைக்காரர் மறுக்கலாம். சாப்பிட்டபின் வரும் பில் வேறு, அது கடன்.

பதில் 2: டாலர் நாணயம் அதிகம் புழங்காததற்குக் காரணம் சட்டமல்ல. 1979-ல் வந்த, பெண்ணுரிமைப் போராளி சூசன் பி. ஆண்டனி உருவம் பொறித்த ஒரு டாலர் நாணயம் 26.5 மி.மீ., கால் டாலர் 24.3 மி.மீ. இரண்டும் வெள்ளி நிறம், இரண்டுக்கும் விளிம்பில் கோடுகள்; அவசரத்தில் மாறிப்போகும். 2000-ல் வந்த, பூர்வகுடிப் பெண் சகாகவியா உருவம் பொறித்த டாலர் நாணயத்தைப் பொன்னிறமாக்கி விளிம்பை வழவழப்பாக்கினார்கள். அளவைத் தொடவில்லை, தானியங்கி இயந்திரங்கள் ஏற்க வேண்டுமே! ஆனால் ஒரு டாலர் நோட்டை நிறுத்தவில்லை; என் பார்வையில் அதுதான் பெரிய தவறு. கனடா 1987-ல் நாணயம் விட்டு, 1989-ல் நோட்டை நிறுத்தியது. அங்கே நாணயம் நிலைத்துவிட்டது.

பதில் 3: கல்லாப்பெட்டியில் இதற்கென்று தனிக் குழி இருப்பதும் அபூர்வம். வேண்டுமென்றால் வங்கியில் 25 நாணய ரோலாகக் கேளுங்கள். கையிருப்பு இல்லாவிட்டால் வரவழைத்துத் தரச் சொல்லலாம்.