மெக்சிகோ போகிறோம்: சைவம் சாப்பிடுகிறவர் தெருக்கடையில் எதை நம்பி வாங்கலாம்?

கேள்வி: அம்மாப்பேட்டை வாசகி

வணக்கம். தை பிறந்ததும் நானும் என் கணவரும் மெக்சிகோ போகிறோம். மகளும் மருமகனும் கெரெத்தாரோ நகரத்தில் வேலை பார்க்கிறார்கள். அங்கே தங்கிக்கொண்டு மெக்சிகோ நகரம், புவெப்லா, உடம்பு ஒத்துழைத்தால் ஓஹாகா வரை போய்வர ஆசை.

நான் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். அவர் கோழி, ஆடு, மீன் சாப்பிடுவார். மாட்டையும் பன்றியையும் தொடமாட்டார். தெருவில் எதையும் வாங்கக் கூடாது, பெரிய உணவகங்களில் மட்டும்தான் சாப்பிட வேண்டும் என்று மகள் இப்போதே சொல்லிவிட்டாள். அவள் அக்கறை புரிகிறது, ஆனால் எனக்குச் சம்மதமில்லை. சாயங்காலம் ஆனால் தட்டுவடை செட்டுக் கடை முன்னால் நின்று, பீட்ரூட்டும் கேரட்டும் துருவி வைத்து, சிவப்புச் சட்னியும் பச்சைச் சட்னியும் தடவிக் கொடுப்பதை அங்கேயே சாப்பிட்டு வளர்ந்தவள் நான். பட்டியலைப் பார்த்து விரல் காட்டி வாங்கும் சாப்பாட்டுக்காக அவ்வளவு தூரம் பறக்க மனம் வரவில்லை.

அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள். என்னவென்று கேட்டு வாங்குவது? கண்ணுக்குத் தெரியாமல் எதிலெல்லாம் பன்றிக் கொழுப்புச் சேருகிறது? அவருக்கு எது ஆகும்?

பதில்: லீ பஜார் தானியக்காரன்

அக்கா, வணக்கம். நான் சேலம் செவ்வாய்ப்பேட்டை. எங்கள் குடும்பத்துக்கு லீ பஜாரில் தானிய வியாபாரம். நான் மட்டும் வாகன உதிரிபாக வேலையாகப் போய்ப் புவெப்லாவில் குடியிருந்தேன். வீட்டில் அனைவரும் சைவம். தைரியமாகத் தெருவில் சாப்பிடுங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே பெரிய உணவகத்தைவிடத் தெருதான் நல்லது என்று அடித்துச் சொல்வேன்.

உணவகத்தில் சமையல் சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிறது. சிவப்பாக வரும் சோறு பல இடங்களில் கோழி வேகவைத்த சாற்றில் வெந்தது. காய்கறி சூப்புக்கும் அதே சாறு. பீன்ஸ் மசியலைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். இறைச்சி வேண்டாம் என்று சொன்ன பிறகும் கோழியோ, ஹாம் என்ற பன்றித் துண்டோ தட்டில் வந்து சேரும். அவர்கள் அதை இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. தெருவில் கொமால் என்ற சுடுகல் உங்கள் கண்ணெதிரே இருக்கிறது. எதைத் தடவுகிறார்கள், பக்கத்தில் என்ன வேகிறது, எந்தக் கரண்டி எதற்குள் போகிறது, எல்லாம் தெரியும். கல்லைப் பார்த்துக் கடையை முடிவு செய்யுங்கள்.

காலை வேளையில் சந்தை வாசலில் பெண்கள் நீல மக்காச்சோள மாவைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் த்லகோயோ கேளுங்கள். பீன்ஸ் விழுதை உள்ளே வைத்து நீள்வட்டமாகத் தட்டி, கல்லில் சுட்டு, மேலே நொபால், வெங்காயம், துருவிய சீஸ் போட்டுத் தருவார்கள். நொபால் என்பது நம் பக்கம் வேலி ஓரத்தில் நிற்கும் சப்பாத்திக்கள்ளி வகைதான். இளம் மடலின் முள்ளைச் சீவி, நறுக்கி, வேகவைத்திருப்பார்கள். வெண்டைக்காய்போல் கொஞ்சம் கொழகொழப்பாக இருக்கும். மக்காச்சோள அடையை மடித்துச் சுடும் கேசதியாவுக்குள் பூசணிப்பூ, காளான், உருளைக்கிழங்கு, மிளகாய்க் கீற்று என்று எதையும் கேட்கலாம். மக்காச்சோளக் கதிரில் வளரும் கருப்புப் பூஞ்சை ஒன்று உண்டு, வித்லகோச்சே என்று பெயர். பார்த்தால் மனம் தயங்கும், அதை விட்டுவிடாதீர்கள். மெக்சிகோ நகரத்தில் மட்டும் "கொன் கேசோ", அதாவது சீஸோடு, என்று சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கேசதியா சீஸ் இல்லாமலே வரலாம்.

ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் கிடங்கிலிருந்து மக்காச்சோளம் மூட்டை மூட்டையாக நாமக்கல் கோழித் தீவனத்துக்குப் போகும். மனிதர் சாப்பாட்டுக்கு என்று அதைக் கேட்டு வருகிறவர் அரிது. அங்கே அதே தானியத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் கழன்றதும் அலசி, விடியலில் அரைக்கிறார்கள். அந்தச் சுண்ணாம்புதான் தானியத்துக்குள் பிணைந்து கிடக்கும் நியாசின் என்ற பி3 வைட்டமினை நம் உடம்பு எடுத்துக்கொள்ளும்படி விடுவிக்கிறது. மக்காச்சோளத்தைக் கொண்டுபோன ஐரோப்பியர் இந்தப் பக்குவத்தைக் கொண்டுபோகவில்லை. அதையே முழு உணவாக நம்பியிருந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு போய், புத்தி தடுமாறும் பெல்லாக்ரா நோய் வந்தது. ஒரு பிடி சுண்ணாம்பில் இவ்வளவு அறிவு! இன்று பாக்கெட் மாவில் டோர்ட்டியா என்ற மெல்லிய மக்காச்சோள அடை சுடும் கடைகளும் நிறைய. ஊறவைத்து அரைத்த மாவு என்றால் கல்லில் விழுந்ததும் மணம் தெருமுனைவரை வரும். அந்த மணம் வரும் கடையில் நில்லுங்கள்.

இனி, நீங்கள் கேட்ட பன்றிக் கொழுப்பு. அதன் பெயர் மன்தேகா. தமால் என்ற ஆவியில் வேகும் மாவுப் பொதியில், உள்ளே மிளகாயும் சீஸும் மட்டும் இருந்தாலும், மாவைப் பிசையும்போதே அது சேர்ந்துவிடும். பிப்ரவரி 2 அன்று அங்கே வீட்டுக்கு வீடு தமால் சாப்பிடுவார்கள், மகளின் அக்கம்பக்கத்தார் அன்போடு கொண்டுவந்து தருவார்கள். கேட்டுவிட்டு வாயில் வையுங்கள். கெரெத்தாரோவிலேயே 'கோர்திதா தெ மிகாஹாஸ்' என்று உண்டு. பார்வைக்கு வெறும் சோள அடை, ஆனால் மாவிலேயே பன்றித் துணுக்கு கலந்திருக்கும். புவெப்லாவின் சலூப்பா என்ற சிறு டோர்ட்டியா பன்றிக் கொழுப்பில்தான் வறுபடுகிறது. ஓஹாகாவில் த்லயூதா, மெமேலா என்ற மக்காச்சோள அடைகள் இரண்டிலும் அசியேந்தோ என்ற கொழுப்பு வண்டலைத் தடவுவார்கள். "சின் அசியேந்தோ" என்றால் தடவாமல் தருவார்கள். புவெப்லாவில் செமீதா என்ற எள் ரொட்டி உண்டு. இறைச்சியை விட்டுவிட்டு வெண்ணெய்ப் பழமும் நார்நாராகப் பிரியும் சீஸும் மட்டும் வைத்துக் கேளுங்கள், வயிறு நிறைந்துவிடும்.

உங்கள் கணவருக்கு ஞாயிறு காலை பார்பகோவா. ஆட்டிறைச்சியைக் கற்றாழை மடலில் பொதிந்து, குழிக்குள் வைத்து இரவெல்லாம் வேகவிடுவது. "தெ பொர்ரேகோ", அதாவது செம்மறி, என்று உறுதி செய்துகொள்ளுங்கள், சில ஊர்களில் மாடும் உண்டு. பீரியா என்ற மிளகாய்க் குழம்பு இறைச்சி வாங்கினால் "தெ சீவோ", அதாவது வெள்ளாடு. கம்பியில் கோபுரமாக அடுக்கிச் சுழலும் அல் பஸ்தோரைக் கண்டு அவருக்கு ஆசை வரும். லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மா வழியில் வந்ததுதான், ஆனால் அங்கே அது பன்றி.

பதில்: கன்னங்குறிச்சி பெரியவர்

தம்பி ருசியைச் சொன்னார், நான் வயிற்றைச் சொல்கிறேன். என் மகன் வீட்டுக்குப் போய்வந்தவன் நான். அம்மா, உங்கள் மகள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

குழாய்த் தண்ணீரை அந்த ஊர்க்காரர்களே குடிப்பதில்லை. பெரிய கேன் தண்ணீர்தான். பல் துலக்கவும் அதையே வையுங்கள். கல்லிலிருந்து நேராகக் கைக்கு வருவதைச் சாப்பிடுங்கள். வெயிலில் திறந்து கிடக்கும் சல்சா என்ற சட்னிக் கிண்ணம், நறுக்கி வைத்த பழம், பச்சைக் கீரை ஆகியவற்றை முதல் நாட்களில் ஒதுக்குங்கள். வீட்டில் கொத்தமல்லி, கீரை ஊறவைக்க அங்கே கிருமிநாசினிச் சொட்டு மருந்து கடைகளில் விற்கிறது, மகளுக்குத் தெரிந்திருக்கும். உப்புசர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை இங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏறக்குறைய ஊட்டி உயரம். போன புதிதில் மூச்சு வாங்கும், செரிமானம் மந்தமாகும். இரவில் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். அவர்களுக்கும் பெரிய சாப்பாடு பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணிக்குள்தான். அந்த நேரத்தில் ஃபோந்தா என்ற சிறு மெஸ்களில் சூப், சோறு, ஒரு பதார்த்தம், பழச்சாறு சேர்ந்த அளவுச் சாப்பாடு கிடைக்கும். சமைக்கும் அம்மாவிடமே போய்க் கேட்கலாம், முட்டை பொரித்துத் தருவார்கள். தம்பி தெரு தெரு என்கிறார். உட்கார்ந்து, கைகழுவிச் சாப்பிட இப்படி ஓர் இடம் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

பதில்: ஏற்காட்டுப் பெண்

பெரியவர் சொன்ன தண்ணீர் விஷயத்தை அப்படியே கடைப்பிடியுங்கள், அக்கா. ஆனால் பழத்தை முழுதாக ஒதுக்க வேண்டாம். உங்கள் முன்னால் தோல் சீவச் சொல்லுங்கள். வெள்ளரி, பப்பாளி, அன்னாசி, ஹிக்கமா என்ற மொறுமொறுப்பான வெள்ளைக் கிழங்கு எல்லாவற்றிலும் எலுமிச்சை பிழிந்து மிளகாய்த்தூளும் உப்பும் தூவுவார்கள். சேலத்து மாங்காய்க் கீற்றில் கை வைத்தவர்களுக்கு அது உடனே பிடித்துவிடும்.

எங்கள் தோட்டத்தில் காப்பிச் செடிக்கு நடுவே வெண்ணெய்ப் பழ மரங்கள் நிற்கின்றன. நாங்கள் பாலும் சர்க்கரையும் சேர்த்து அடித்துக் குடித்தே பழகியவர்கள். அதன் தாய்நாட்டில் உப்பு, எலுமிச்சை, வெங்காயம், பச்சைமிளகாயோடு மசித்துச் சாப்பிட்ட பிறகு வீட்டிலும் அப்படித்தான் செய்கிறேன். இங்கே பந்தலில் காய்க்கும் சௌசௌவும் அந்த மண்ணிலிருந்து வந்ததே. சந்தையில் முள் உள்ளதும் முள் இல்லாததுமாகக் குவித்து வைத்திருப்பார்கள்.

சோளக்கதிரைக் கரியில் சுட்டுக் கேளுங்கள். மயோனேஸ், சீஸ், மிளகாய்த்தூள் எல்லாம் பூசித் தருவார்கள். முட்டை சாப்பிடுகிறவர் என்பதால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. எஸ்கிதேஸ் என்று கிண்ணத்தில் உதிர்த்துத் தரும் சோளத்தில் கவனம். சில வண்டிகளில் கோழிக்காலோடு சேர்த்துக் கொதிக்க வைக்கிறார்கள், பாத்திரத்துக்குள் எட்டிப் பாருங்கள். ஓஹாகாவில் வெட்டுக்கிளி வறுவல் குவியல் குவியலாக இருக்கும், கண்ணுக்குத் தெரிந்துவிடும். பழத்தின் மேல் தூவும் சிவப்பு உப்பில் மட்டும் புழு அரைத்துக் கலந்திருக்கலாம். "சின் குசானோ" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே '20 நவம்பர்' சந்தையின் இறைச்சி சுடும் சந்தில் புகையில் நிற்கவே முடியாது. நான் பக்கத்து பெனிதோ ஹுவாரெஸ் சந்தைக்குப் போய், சோளமும் கொக்கோவும் சேர்ந்த தெஹாத்தே என்ற பானத்தை நுரையோடு குடிப்பேன். எந்தத் தண்ணீரில் கரைத்தது என்று கேட்ட பிறகுதான்.

கேட்டவர்: அம்மாப்பேட்டை வாசகி

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மகளிடம் அப்படியே படித்துக் காட்டினேன். எங்கள் கண்ணெதிரே சுடும் கடையானால் சரி என்று இறங்கி வந்திருக்கிறாள். கெரெத்தாரோவில் எந்தச் சந்தைக்கு முதலில் போவது? கடையில் நின்றதும் என்ன சொல்வது? எனக்கு ஸ்பானிய மொழி ஒரு சொல்லும் தெரியாது.

பதில்: லீ பஜார் தானியக்காரன்

லா குரூஸ் சந்தைக்குப் போங்கள், அக்கா. ஞாயிறு கூட்டம் நெரிக்கும். முதல்முறை வாரநாள் காலையில் போவது நல்லது.

நின்றதும் "புவெனோஸ் தியாஸ்" என்று வணக்கம் சொல்லுங்கள். பிறகு "சின் கார்னே, சின் போயோ, சின் மன்தேகா, போர் ஃபவோர்": இறைச்சி, கோழி, பன்றிக் கொழுப்பு மூன்றும் வேண்டாம், தயவு செய்து. ஐயாவுக்கு "சின் புயெர்கோ, சின் ரெஸ்": பன்றி, மாடு வேண்டாம். காரம் உண்டா என்று கேட்டால் இல்லை என்பார்கள். அவர்கள் கணக்கில் இல்லை, அதனால் சல்சாவை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். தட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தால் தயங்க வேண்டாம். ஆளுக்கு ஒரு பை மாற்றுவார்கள், சுத்தத்துக்காகத்தான்.

பல கடைகளில் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பணம். எத்தனை சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, நீங்கள் சொல்லும் எண்ணிக்கைக்கே வாங்கிக்கொள்வார்கள். உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை டிப்ஸாகத் தனியாக வைப்பது வழக்கம், தெருவில் கட்டாயமில்லை. கிளம்பும்போது, இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து "ப்ரொவேச்சோ", அதாவது நன்றாகச் சாப்பிடுங்கள், என்று சொல்லிவிட்டு வாருங்கள். மொத்தக் கடையும் நிமிர்ந்து பார்த்து நன்றி சொல்லும்.