காயலான்கடைச் சாமான்களில் ஹாலோவீன் காட்சி: அளவு பொருந்தவில்லை, என்ன செய்யலாம்?

ராயபுரம் அம்மா:
அனைவருக்கும் வணக்கம். எட்டாவது படிக்கும் என் மகள், அக்டோபர் 31 அன்று வகுப்பில் வைப்பதற்காக, பாழடைந்த வீடும் அதன் முன்னே ஒரு கல்லறைத் தோட்டமும் கொண்ட சிறிய ஹாலோவீன் காட்சி வேண்டும் என்கிறாள். மேல்நாடுகளில் பேய் வேடமிட்டு, குடைந்த பூசணிக்காயில் விளக்கேற்றிக் கொண்டாடும் நாள்தான் ஹாலோவீன். வீட்டில் கிடப்பதையும் பழைய சாமானையும் வைத்தே முடித்துவிடுவது என்று தீர்மானித்து, மூர் மார்க்கெட்டில் இயந்திரம் இல்லாத சுவர்க்கடிகாரப் பெட்டி ஒன்றை 80 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளுயரம் 11 அங்குலம். டிவி வந்த தெர்மாகோலில் கல்லறைக் கற்களை வெட்டிக் கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். சற்று நேரத்தில் எல்லாம் குழி குழியாகிச் சுருங்கிவிட்டன. தீப்பெட்டியில் செய்த கதவின் அருகே பொம்மைப் பூனையை நிறுத்தினால், கதவைவிடப் பூனைதான் பெரிதாக இருக்கிறது. பூசணிக்காயும் செய்யத் தெரியவில்லை. வெளிச்சத்துக்கு வீட்டுக்குள் மெழுகுவத்தி ஏற்றலாமா?

பெரம்பூர் கொலுக்காரர்:
சகோதரி, ஸ்ப்ரே பெயின்டில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ரப்பர் பசையும் அதைத்தான் செய்யும். இனி வெட்டும் கற்களுக்குக் கறுப்பு போஸ்டர் கலரில் பாதியளவு ஃபெவிகால் கலந்து பூசுங்கள். கெட்டுப்போனவற்றை எறிந்துவிடாதீர்கள். அந்தக் குழிகள் நம் தெருக்களில் உப்புப் பூத்துக் காரை உதிர்ந்த சுவரைப் போலவே இருக்கும். சாம்பல் நிறம் பூசி மதில் சுவராக வைத்துவிடலாம்.

அளவுதான் முக்கியம். கொலுவில் பார்க் போடும்போது செட்டியார் பொம்மையை விடச் சிறிய வீட்டை வைத்து எல்லோரும் செய்யும் தவறுதான் இது. உங்கள் பெட்டிக்கு ஓர் அடியை அரை அங்குலமாகக் குறைக்கும் 1:24 அளவு பொருந்தும். அப்போது 11 அங்குலம் 22 அடியாகி, இரண்டு மாடி வீடு தாராளமாக நிற்கும். ஏழடிக் கதவு மூன்றரை அங்குலம் வர வேண்டும். தீப்பெட்டி ஏறத்தாழ இரண்டு அங்குலம்தான் என்பதால் அது நாலடிக் கதவாகிவிடுகிறது. அதை அலமாரியாக்கிவிட்டு, கதவைக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டுங்கள். பூனையைப் பெட்டியின் முன் விளிம்பில் வைத்து வீட்டைப் பின்சுவரோடு ஒட்டிவிட்டால், பூனை அருகிலும் வீடு தொலைவிலும் இருப்பதாகக் கண் ஏற்றுக்கொள்ளும்.

காசிமேட்டு வாசகர்:
பூசணிக்கு எம்-சீல் (இரண்டு பகுதிகளைச் சேர்த்துப் பிசைந்தால் கல்லாக இறுகும் ஒட்டுப்பசை) போதும். சுண்டைக்காய் அளவு உருட்டி, மேலும் கீழும் லேசாக அமுக்கி, இறுகுவதற்குள் ஊசியைப் படுக்கவைத்து உச்சியிலிருந்து அடிவரை எட்டுப் பள்ளங்கள் அழுத்துங்கள். உச்சியில் மொட்டு உதிர்ந்த கிராம்பு ஒன்றைக் குத்தினால் அசல் காம்பு தோற்றுவிடும். மண்ணுக்கு டீ வடிகட்டிய தூள் நன்றாக இருக்கும்; ஆனால் இந்த மழைக்காலத்தில், அதுவும் கடற்காற்றில், ஈரம் இருந்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், வெறும் வாணலியில் வறுத்து ஆறவைத்த பிறகே ஃபெவிகாலின் மேல் தூவ வேண்டும். வேலிக்கு ஈர்க்குச்சி, காய்ந்த புல்லுக்குத் தேங்காய் நார். ஒட்டடைக்குப் பஞ்சைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இழுத்துப் பிரியுங்கள். கட்டியாக நின்றால் மேகம் போலாகிவிடும்.

பஞ்சும் தெர்மாகோலும் இருக்கும் இடத்தில் மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம். பேட்டரியில் எரியும் பிளாஸ்டிக் அகல்விளக்கைத் திறந்து வீட்டுக்குள் வைத்து, ஜன்னலில் ஆரஞ்சு மிட்டாய்த் தாளை ஒட்டுங்கள். அதன் நாணய பேட்டரியைக் குழந்தைகள் விழுங்கிவிட்டால் பேராபத்து. மூடியை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

தண்டையார்பேட்டை ஆசிரியை:
ஒரு வேண்டுகோள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள்; அன்று இங்குள்ள பல குடும்பங்கள் பூவும் மெழுகுவத்தியுமாகக் காசிமேட்டுக் கல்லறைக்குப் போகின்றன. அந்த வகுப்பிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருப்பார்கள். ஆகவே சிலுவையும் பெயரும் இல்லாத வெறும் கற்களாக வைத்தால் நல்லது என்பது என் கருத்து. ஓரமாக ஒரு சின்ன டர்னிப் (முள்ளங்கி போன்ற உருண்டைக் கிழங்கு) விளக்கையும் வையுங்கள். அயர்லாந்தில் முதலில் அதைத்தான் குடைந்தார்கள், அவர்கள் அமெரிக்காவில் குடியேறிய பிறகுதான் பூசணி வந்தது.

ராயபுரம் அம்மா:
அனைவருக்கும் நன்றி. சிலுவைகளை எடுத்துவிட்டோம். உப்புச் சுவர் அப்படியே எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சுவர்தான் என்று என் மாமியார் சிரிக்கிறார். பூசணிகள் ஒன்பது தேறின. பிரியாணிக்குக் கிராம்பு இல்லை.